யாளிக்கு எலும்பு உண்டா?

யானைத் துதிக்கை, சிங்க உடல், பிதுங்கிய கண்கள், பின்னங்காலில் எழும்பி நிற்கும் உருவம். தென்னிந்தியக் கோயில்களுக்குப் போய்வரும் எவருக்கும் யாளி புதிதில்லை. ஆனால் சில ஆண்டுகளாக அதைப் பற்றிய பேச்சு வேறு திசையில் போகிறது. "டைனோசரைப் போல யாளியும் ஒரு காலத்தில் காட்டில் திரிந்த விலங்குதான். நம் முன்னோர்கள் நேரில் பார்த்துத்தான் செதுக்கினார்கள்" என்று காணொளிகள் சொல்கின்றன. துதிக்கையும் கோரைப்பல்லும் உள்ள எலும்புக்கூட்டைப் பாறையிலிருந்து தோண்டி எடுப்பது போன்ற படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அவை கணினியில் உருவாக்கியவை. துதிக்கைக்கு எலும்பே கிடையாது என்பது தெரிந்தால் அந்தப் படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வரும்.

நேர்ப் பதில் ஒன்றுதான்: யாளி என்ற விலங்கு வாழவில்லை. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் சொன்னதாகும். வாழாத ஒரு விலங்கு இத்தனை நூற்றாண்டுகள், இத்தனை ஆயிரம் தூண்களில் எப்படி நின்றது என்பதுதான் அறிய வேண்டிய விஷயம்.

முதலில் பெயர்கள்

குழப்பத்தில் பாதி பெயர்களால் வருகிறது. நான்கு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

1. ஆளி: பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் வருவது இதுதான். அகராதிகள் இதற்குச் சிங்கம் என்றும் பொருள் தருகின்றன, யாளி என்றும் தருகின்றன.

2. யாளி: இன்று எல்லோரும் வழங்கும் பெயர். முகத்தைப் பொறுத்து சிம்ம யாளி, யானை யாளி, மகர யாளி என்று பிரிப்பார்கள்.

3. வியாளம்: வடமொழிச் சிற்ப நூல்களில் வரும் சொல். கொடிய விலங்கு என்ற பொதுப்பொருளும் இதற்கு உண்டு.

4. மகரம்: இது யாளி அல்ல, உறவு என்று சொல்லலாம். முதலையின் தாடை, யானைத் துதிக்கை, மீன் உடல், தோகை போல விரியும் வால். கோயில் வாயில் வளைவுகளில் இருபுறமும் வாய் பிளந்து நிற்பது இதுதான். மகரதோரணம் என்ற பெயரே அதனால் வந்தது.

சரபம் இவற்றிலிருந்து தனி. சிங்கமும் பறவையும் கலந்த உருவம். நரசிம்மரின் சினத்தைத் தணிக்கச் சிவன் எடுத்த வடிவம் என்று புராணம் சொல்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம் கோயிலில் சரபருக்குத் தனிச் சன்னதியே இருக்கிறது. சரபம் வழிபாட்டுக்குரிய தெய்வ வடிவம், யாளி தூணையும் வாயிலையும் காக்கும் உருவம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு.

சங்கப் பாடல்கள் சொல்வது என்ன?

"சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது" என்பதுதான் அடிக்கடி வரும் வாதம். இருக்கிறது, உண்மைதான். என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பொருநராற்றுப்படையில் கரிகாலனுக்கு ஓர் உவமை வருகிறது. தாய்ப்பால் குடிப்பதை இன்னும் விடாத ஆளிக்குட்டி, தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதாம். இளவயதில் வெண்ணிப் போரில் வென்ற மன்னனுக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். அங்கே 'ஆளி நன்மான்' என்ற தொடர் வருவதைப் பார்த்துவிட்டு மானோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. பழந்தமிழில் 'மா', 'மான்' என்பது விலங்கைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் வழங்கியது.

அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் ஆளி வரவே வராது, அதைப் பற்றிய அச்சம் மட்டும் வரும். அகன்ற காட்டில் ஆளிக்கு அஞ்சிய ஆண்யானை தன் கூட்டத்தை ஒன்றுசேர்த்து, சொரசொரத்த பெரிய கையால் அணைத்துக் காக்கிறது. காட்டின் ஆகப் பெரிய உயிரே நடுங்குகிறது என்றால் அந்தக் காட்டு வழி எப்பேர்ப்பட்டது! இன்னொரு அகப்பாடலில் ஆளி யானையின் கொம்பைப் பிடுங்கி அதன் குருத்தைத் தின்கிறது.

இந்தப் பாடல்களில் நான் முக்கியமாகக் கருதுவது சொல்லப்படாத ஒன்றை. ஆளிக்குத் துதிக்கை உண்டு என்று இவை சொல்லவில்லை. முகம் எப்படி, வால் எப்படி, நிறம் என்ன, எதுவும் இல்லை. யானையைப் பற்றி எழுதும்போது நெற்றிப்புள்ளி, மதநீர், அதை மொய்க்கும் வண்டு என்று அருகில் நின்று பார்த்ததுபோல் எழுதுகிறார்கள் இதே புலவர்கள். ஆளி வந்ததும் தொலைவிலிருந்து கேட்ட செய்தியாக எழுத்து மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் சிங்கம் கிடையாது. இந்தியாவில் அது நர்மதைக்கு வடக்கே வாழ்ந்த விலங்கு, இன்று குஜராத்தின் கிர் காட்டுப் பகுதியில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கேள்விப்பட்ட சிங்கமே ஆளியாகியிருக்கலாம், முழுக் கற்பனையாகவும் இருக்கலாம். எப்படியானாலும், பாட்டிலுள்ள ஆளியையும் தூணிலுள்ள யாளியையும் ஒரே விலங்கு என்று அப்படியே எடுத்துக்கொள்ள இடமில்லை. இரண்டுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன.

அதே புலவர்கள் அசுணம் என்ற விலங்கையும் பாடியிருக்கிறார்கள். யாழிசைக்கு மயங்கி வெளியே வரும், பறையின் கடும் ஒலி கேட்டால் உயிர்விடும். வண்டின் ரீங்காரத்தை யாழென்று நம்பி மலைக்குகையில் செவிசாய்த்து நிற்கும் அசுணத்தை அகநானூற்றில் பார்க்கலாம். நற்றிணையில் ஒருத்தி, தன் காதலனின் மார்பு அசுணத்தைக் கொல்கிறவர் கையைப் போன்றது என்கிறாள். யாழை மீட்டி இன்பம் தருவதும் அந்தக் கைதான், பறையை அறைந்து உயிரை எடுப்பதும் அந்தக் கைதான். அவன் அருகில் இருந்தால் இன்பம், பிரிந்தால் துன்பம். இதைச் சொல்ல எந்த உண்மை விலங்கு உதவும்? புலவருக்குத் தேவைப்பட்டது அசுணம். 'பாட்டில் இருக்கிறது, ஆகவே காட்டில் இருந்தது' என்ற கணக்கு இங்கே உடைந்துபோகிறது.

கல்லில் யாளி வளர்ந்த விதம்

யாளிக்குப் பிறப்பும் வளர்ச்சியும் உண்டு. அது நடந்தது கல்லில். கால வரிசையில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில்களில் தூண்கள் பெரும்பாலும் எளியவை. மேலும் கீழும் சதுரம், நடுவே எண்பட்டை. அடுத்து மாமல்லபுரத்து வராக மண்டபத்துக்கு வாருங்கள். தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது, அதன் தலைமேல் தூண் எழுகிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த காஞ்சி கைலாசநாதர் கோயிலில் உட்கார்ந்த சிங்கம் எழுந்துவிட்டது. சுவரெங்கும் அரைத்தூண்களில் பின்னங்காலில் நின்று பாய்கிறது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் 'புலிக்குகை' என்று மக்கள் சொல்லும் இடத்தில் வாயிலைச் சுற்றி வரிசையாக நிற்பவை புலித்தலைகள் அல்ல, யாளித் தலைகள்.

சோழர் காலத்தில் யாளி சிறுத்து வரிசைக்குள் போகிறது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் தரையோடு ஒட்டிய அடித்தளத்தை, அதாவது அதிட்டானத்தை, குனிந்து பாருங்கள். ஒன்றையடுத்து ஒன்றாக யாளிகள் ஓடும். இதற்கு யாளிவரி என்று பெயர். மூலைகளில் மகரத்தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளந்த வாய்க்குள் வாளேந்திய வீரன். விமானத்தின் உயரத்தில் கண் போய்விடுவதால் பெரும்பாலோர் இதைப் பார்ப்பதே இல்லை.

பிறகு விஜயநகர, நாயக்கர் காலம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் பெரிய மண்டபங்கள் எழுந்தபோது யாளி தூணளவுக்கு வளர்ந்தது. வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம், மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் போன்ற இடங்களில் தூணும் யாளியும் ஒரே கல். முன்னங்கால்களை உயர்த்தி நிற்கும் அதன் மேல் வீரன் ஏறியிருப்பான், காலடியில் யானை கிடக்கும். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் யாளியின் இடத்தைப் பாயும் குதிரைகள் பிடித்துக்கொண்டன. குதிரைப்படையை நம்பி நின்ற அரசுகளின் காலம் அது.

இது தமிழ்நாட்டோடு நிற்கும் கதையும் அல்ல. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சாஞ்சியின் தோரண வாயில்களிலேயே சிறகு முளைத்த சிங்கங்கள் உண்டு. கோனார்க்கில் யானைமேல் சிங்கம் பாய்கிறது. இலங்கைக் கலையில் கஜசிங்கம் பழக்கமான உருவம். தாய்லாந்தில் யானைத் துதிக்கையுள்ள சிங்கத்துக்குக் 'கோச்சசீ' என்று பெயர். அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் சின்னமே அதுதான். சிற்பிகளும் வணிகர்களும் துறவிகளும் போன வழியெல்லாம் இந்த உருவமும் போயிருக்கிறது.

வாழ்ந்த விலங்கு அல்ல என்று எப்படிச் சொல்கிறோம்?

1. எலும்பு இல்லை. விலங்கின் உடலில் நெடுங்காலம் அழியாமல் கிடப்பவை பற்கள். சிவாலிக் மலைகளிலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்டெகோடான் என்ற யானை உறவினத்தின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. கீழடியில் மாடு, எருமை, ஆடு, கலைமான், காட்டுப்பன்றி, மயில் என்று எலும்புகளை இனம் பிரித்திருக்கிறார்கள். யானையையே வேட்டையாடிய விலங்கு ஒன்று இருந்திருந்தால், அதன் ஒரு பல்லாவது எங்காவது கிடைத்திருக்க வேண்டும்.

2. உடற்கூறு ஒத்துவராது. யானை போன்றவற்றின் பரம்பரையும் சிங்கம், புலி போன்றவற்றின் பரம்பரையும் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. துதிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட தசை. தந்தம் என்பது வளர்ந்துபோன மேல்வெட்டுப்பல். இலை தழை தின்கிற பேருடலுக்கு அவை உதவும். கடித்துக் கொல்லும் விலங்குக்கு வாய்க்கு நேர் எதிரே ஒரு துதிக்கை தொங்கினால் இரையைக் கவ்வவே முடியாது.

3. இரண்டு யாளிகள் ஒன்றுபோல் இல்லை. "எல்லாக் கோயிலிலும் ஒரே மாதிரி இருக்கிறதே" என்பது சரியாகப் பார்க்காமல் சொல்வது. அபராஜிதபிருச்சா என்ற பழைய சிற்ப நூல் வியாளத்துக்கு 16 வகை முகங்களையும், ஒவ்வொன்றுக்கும் 16 நிலைகளையும் வகுக்கிறது. சிங்கம், யானை, குதிரை, காளை, ஆடு, பன்றி, கிளி, மனிதன் என்று தலை மாறிக்கொண்டே போகும், உடல் அப்படியே இருக்கும். இயற்கையில் இப்படி ஒரு விலங்கு கிடையாது. கலைஞனின் பட்டறையில்தான் இது நடக்கும்.

4. செதுக்கிய முறையே சொல்கிறது. எனக்கு ஆக வலுவாகத் தோன்றும் சான்று இதுதான். மாமல்லபுரத்து அருச்சுனன் தபசில் யானைகளைப் பாருங்கள். தோலின் தளர்ச்சி, காலடியில் ஒண்டி நிற்கும் கன்றுகள் என அனைத்தும் கண்ணால் கண்டு செய்தவை. யாளிக்கோ பிடரிமயிர் சுருள்சுருளாக ஒழுங்காக அடுக்கியிருக்கும். கழுத்தில் மணிமாலை, துதிக்கை நுனியில் கொடிக்கருக்கு, அதாவது சுருண்ட கொடி போன்ற அலங்காரம். அதன் காலடி யானை பொம்மை அளவுதான் இருக்கும். சிற்பிக்கு யானையின் உண்மை அளவு நன்றாகத் தெரியும். தெரிந்தே சிறிதாக்கியிருக்கிறார். இது பார்த்த விலங்கு, இது படைத்த விலங்கு என்று அவரே பிரித்துக் காட்டியிருக்கிறார். நாம்தான் கவனிக்காமல் விடுகிறோம்.

சரி, பழைய எலும்புகளைப் பார்த்துக் கற்பனை செய்திருக்கலாமே?

நியாயமான கேள்விதான். வேறு நாடுகளில் அப்படி நடந்ததற்குச் சான்று உண்டு. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரத்தில் பதினாறாம் நூற்றாண்டில் செய்த டிராகன் சிலையின் தலைக்கு மாதிரியாக இருந்தது, அங்கே கிடைத்த கம்பளிக் காண்டாமிருகத்தின் மண்டையோடு. ஐரோப்பாவில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று பொன் விலைக்கு விற்றவை நார்வால் என்ற கடல்விலங்கின் நீண்ட பல். டென்மார்க்கின் ஓலே வோர்ம் 1638இல் இதை வெளிப்படுத்தினார். கிரேக்கத்தின் ஒற்றைக்கண் அரக்கன் கதைக்கு, மத்தியதரைக்கடல் தீவுகளில் கிடைத்த குள்ளயானை மண்டையோடு வித்திட்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. யானை மண்டையோட்டின் நடுவில் இருக்கும் மூக்குத்துளை பார்ப்பதற்குக் கண்குழி போலவே இருக்கும்.

ஆனால் இப்படிப்பட்ட ஊகங்கள் எல்லாம் நிற்பதில்லை. கழுகுத்தலைச் சிங்கமான கிரிஃபின், கோபி பாலைவனத்து டைனோசர் எலும்புகளிலிருந்து பிறந்தது என்பது புகழ்பெற்ற விளக்கம். 2024இல் இரண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள் அதை விரிவாக மறுத்தார்கள். கழுகையும் சிங்கத்தையும் தெரிந்த மனிதருக்குக் கிரிஃபினைக் கற்பனை செய்ய எலும்பு எதற்கு என்பது அவர்கள் வாதத்தின் சாரம். யாளிக்கும் இதே பதில்தான். யானையை அன்றாடம் பார்த்த நாடு இது. சிங்கமும் பல்லவர் காலத்துக்கு முன்பே சிற்ப வடிவமாக வந்து சேர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்க்கத் தேவைப்பட்டது ஒரு மனமும் ஓர் உளியும்.

கம்போடியாவின் தா புரோம் கோயிலில் ஒரு சிறு புடைப்புச் சிற்பத்தைக் காட்டி, அது டைனோசர் என்று சொல்கிறார்கள். முதுகில் உள்ள தகடுகளைக் காரணம் காட்டுகிறார்கள். அதே சுவரில் மற்ற விலங்குகளின் பின்னாலும் அதுபோன்ற இலைக்கருக்கு, அதாவது இலை வடிவ அலங்காரம், இருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. யாளிக் காணொளிகளும் செய்வது இதைத்தான்: ஓர் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்து, பக்கத்துத் தூணை மறைத்துவிடுவது.

கதைகளுக்கு இந்த விலங்குகள் எதற்கு?

இல்லாத விலங்கைப் பிள்ளைகளுக்குச் சொல்வது பொய் சொல்வதாகுமா என்று சில பெற்றோர்கள் தயங்குகிறார்கள். உண்மை என்று நிரூபித்துவிட்டால் தயக்கம் தீரும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. தேவையில்லை. சொப்புச் சாமானில் மண்சோறு பொங்கிப் பரிமாறும் குழந்தை அதை விழுங்குவதில்லை. விளையாட்டு எது, நிஜம் எது என்பது அதற்குத் தெரியும்.

இருதலைப்பறவை ஒன்று போதும், கற்பனை விலங்கு என்ன வேலை செய்கிறது என்று காட்ட. குறிஞ்சி பாடிய கபிலர் அகநானூற்றில் அதை நட்புக்கு வைத்தார்: தோழியும் தலைவியும் இரண்டு தலையும் ஓர் உயிருமான பறவை போன்றவர்கள். பஞ்சதந்திரத்தில் அதே பறவைக்கு இரண்டு தலை, ஒரு வயிறு. ஒரு தலை தித்திப்பான கனியைத் தான் மட்டும் தின்றது. கோபத்தில் மற்றொரு தலை நஞ்சைத் தின்றது. வயிறு ஒன்றுதானே, இரண்டும் செத்தன. கர்நாடகத்தில் கண்டபேருண்டம் என்ற பெயரில் அதே இருதலைப்பறவை யானையையும் தூக்கும் பெருவலிமைக்கு அடையாளம். இன்றும் அம்மாநில அரசின் சின்னத்தில் இருக்கிறது.

உடல் ஒன்றே, வேலை மூன்று. அன்பு, பொறாமை, அரச வலிமை. கரு வளர்ச்சியில் ஏற்படும் குறையால் இரண்டு தலையோடு குஞ்சு பொரிப்பது உண்டு என்று விளக்கினால் இதில் எதுவும் மிஞ்சாது.

இதனால் என்ன ஆகிறது?

யாளி உண்மை விலங்கு என்று நம்புவதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது.

முதலாவது, பெருமை இடம் மாறுகிறது. 'பார்த்ததைச் செய்தார்' என்றால் சிற்பி படியெடுத்தவர் ஆகிறார். 'பார்க்காததைப் பார்க்கவைத்தார்' என்பதுதான் அவர் செய்த வேலை. தமிழரின் பெருமையை நிலைநாட்டுவதாக எண்ணிக்கொண்டு, அந்தத் தமிழ்ச் சிற்பியிடமிருந்தே அவருடைய படைப்பைப் பிடுங்குகிறோம்.

இரண்டாவது, கோயிலைப் படிக்கும் வழி அடைபடுகிறது. தூணடியில் உட்கார்ந்திருக்கிறதா, வரிசையில் ஓடுகிறதா, தூணோடு எழும்பி நிற்கிறதா என்பதைக் கொண்டு ஒரு மண்டபத்தின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். எல்லாம் ஒரே மிருகத்தின் படம் என்று நினைப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

மூன்றாவதுதான் மனதை மிகவும் வருத்துவது. கற்பனை யாளியின் எலும்பைத் தேடி அலையும் நேரத்தில், கண்முன் இருக்கும் யாளி தேய்கிறது. திருப்பணி என்ற பெயரில் பல கோயில்களில் மணல்வீச்சால் தூண்களைச் சுத்தம் செய்தார்கள். சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போனதோடு பிடரிச் சுருளின் கூர்மையும் நகத்தின் விளிம்பும் சேர்ந்து போயின. சில இடங்களில் கல்லின்மேல் பளபளக்கும் எனாமல் வண்ணம். அந்தக் கோடுகளை மறுபடி யாராலும் வரைய முடியாது.

யாளி இன்னும் உயிரோடு புழங்கும் இடங்களும் உண்டு. தஞ்சாவூர் வீணையின் கழுத்து முனையில் வளைந்து பார்ப்பது யாளி முகம். பலாமரத்தில் அதை இன்றும் கையால் செதுக்குகிறார்கள். தேர்களின் மரச்சிற்பங்களிலும் திருவிழா வாகனங்களிலும் யாளி வருகிறது.

அடுத்த முறை பிள்ளையோடு நாயக்கர் கால மண்டபம் ஒன்றுக்குப் போனால் கீழிருந்து தொடங்குங்கள். முதலில் காலடி யானை, பிறகு நகங்கள், மார்பு மணி, மேலே வீரன், கடைசியில் வாய். சில யாளிகளின் வாய்க்குள் ஒரு கல்பந்து கிடக்கும். விரலால் தொட்டால் உருளும், வெளியே எடுக்க வராது. பல்லிடுக்கைவிடப் பந்து பெரிது. இது எப்படி உள்ளே போனது என்று பிள்ளை கேட்கும். அது உள்ளே போகவே இல்லை. யாளியின் வாய் இன்னும் மூடிய கல்லாக இருந்தபோதே பந்து அதற்குள் இருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய உளியை நுழைத்து, சுற்றியிருந்த கல்லைத் துகள்துகளாக எடுத்து, கடைசி ஒட்டையும் சிற்பி வெட்டிவிட்ட நொடியில் அது உருண்டது.